அரைப் பேர் வாங்கிய குருவிகள்

காட்டுக்குள் கால் வைக்காமலே காட்டைப் பற்றிப் பேசிப் பிழைக்கலாம் என்று தெரிந்த நாளில்தான் நான் புள்ளிவிபரவியலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பதுளை டவுனில் கடை வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. மழையில் நனைவது, அட்டைக்குக் காலைக் கொடுப்பது, விடியற்காலையில் எழும்புவது, இந்த மூன்றும் எனக்கு ஆகாது. அப்பாவின் கடையில் பருப்பு நிறுப்பதும் ஆகாது என்பது வேறு கதை. செடிகளையும் பிராணிகளையும் கணக்கெடுக்கும் பல்கலைக்கழக ஆய்வுக் குழு ஒன்றுக்கு எண்களைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. மற்றவர்கள் சேற்றில் நின்று எண்ணுவார்கள். நான் விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, அந்த எண்களுக்கு எந்தச் சோதனை பொருந்தும் என்று சொல்வேன். ஆகா, இதைவிடச் சொகுசான வேலை உண்டா!

வேலை வந்தது பசறைக்கும் லுணுகலைக்கும் நடுவில் உள்ள ஒரு தோட்டத்தில். தோட்டத்தில் தேயிலை நட்ட ஒவ்வொரு துண்டையும் மலை என்றுதான் சொல்வார்கள். அங்கே ஒரு மலையைக் கைவிட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. தேயிலைச் செடிகள் மரமாக வளர்ந்து, மேலே கொடி ஏறி, இடையில் காட்டு மரங்களும் முளைத்துவிட்டதால் எல்லாரும் அதைக் காட்டு மலை என்றார்கள். அதை வெட்டித் துப்புரவாக்கி யூகலிப்டஸ் நட வேண்டும் என்பது தோட்டத்தை நிர்வகிக்கும் பெரிய துரையின் திட்டம். ஆனால் தோட்டம் ஒரு சுற்றுச்சூழல் சான்றிதழுக்கு விண்ணப்பித்திருந்தது. தேயிலையில் இருப்பதைவிடக் காட்டுப் பறவைகள் அதிகமாக வாழும் இடத்தை வெட்டினால் சான்றிதழ் கிடைக்காது. உங்கள் அறிக்கையைப் பார்த்துவிட்டு வெட்டுவதா விடுவதா என்று முடிவு செய்கிறேன் என்று துரை சொல்லியிருந்தார்.

காட்டு மலைக்கு நேர் கீழே இரண்டு லயம், தொழிலாளர் வீடுகளின் நீள வரிசைகள். அந்த லயத்துச் சனங்களுக்குக் குடிக்க, குளிக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் ஒரே பீலிதான். மலைக்குள் ஊறும் தண்ணீரைக் குழாய் வைத்து இறக்கியிருந்தார்கள். பக்கத்து டிவிஷனில் இதேபோலக் காட்டை வெட்டி யூகலிப்டஸ் வைத்த பிறகு, வெயில் மாதங்களில் பீலி நின்றுபோய், பெண்கள் ஆற்றுக்கு இறங்கிக் குடம் தூக்குகிறார்கள். மேலே காடு போனால் தங்களுக்கும் அதே கதிதான் என்று லயத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் தண்ணீரைப் பற்றி எங்களிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டது குருவியைப் பற்றி.

குருவிகளைக் கணக்கெடுத்தவர் அதே லயத்தில் இருக்கும் ஒரு அக்கா. கொழுந்து பறிப்பவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். வாரத்தில் இரண்டு காலைப்பொழுது அவரை எங்கள் வேலைக்கு விட்டிருந்தார்கள். எங்கள் மாணவர்கள் எவருக்கும் இல்லாத காது அவருக்கு. ஆய்வுக்குப் பொறுப்பான மேடம் பத்து நாள் அவரோடு நின்று சோதித்துவிட்டு, "இவங்க எழுதினா போதும், நான் கூட நிற்கத் தேவையில்லை" என்றார். காட்டு மலையில் பன்னிரண்டு இடம், பக்கத்துத் தேயிலையில் பன்னிரண்டு இடம் குறித்துக் கொடுத்தோம். ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிடம் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் கொப்பியில் எழுத வேண்டும். அதே இடங்களுக்கு மறுபடி மறுபடி போக வேண்டும். ஐந்து மாதம் அவர் போனார். நான் போனது மூன்று முறை. மூன்று முறையும் அட்டையை எண்ணியதுதான் மிச்சம்.

செடிகளின் பகுதி சீக்கிரம் முடிந்தது. மாணவர்கள் ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தைத் தரையில் போட்டு உள்ளே முளைத்திருப்பதை எண்ணினார்கள். செடி நல்ல பிள்ளை. ஓடாது, ஒளியாது, நீங்கள் தும்மினாலும் நின்ற இடத்திலேயே நிற்கும். பல சட்டங்களில் கொஞ்சம், சிலவற்றில் ஏராளம் என்று எண்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. அதனால் சராசரிகளை ஒப்பிடாமல், எல்லாவற்றையும் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி ஒப்பிடும் சோதனையை எடுத்தேன். காட்டு மலையில் செடி வகைகள் அதிகம் என்று பளிச்சென்று வந்தது. துரைக்கு அதெல்லாம் களை. குருவி என்ன சொல்கிறது என்று மட்டும் கேட்டார்.

அக்காவின் கொப்பிகள் பதுளைக்கு வந்து சேர்ந்தன. அழகான குண்டுக் கையெழுத்து. குருவியின் பெயர், பக்கத்தில் எண். ஒன்று, இரண்டு, ஒன்று. நடுநடுவே அரை. ஓரிடத்தில் கொண்டைக்குருவி ஒன்றரை. இன்னோரிடத்தில் செண்பகம் அரை. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அரைச் செண்பகம் என்றால் தலைப்பக்கமா வால்பக்கமா என்று பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டு அவரையும் சிரிக்க வைத்தேன்.

எண்ணிக்கைகளுக்கென்று ஒரு கணித மாதிரி இருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று என்று முழுசாக எண்ணக் கூடியவற்றுக்குத்தான் அது. அரையைக் கொடுத்தால் கணினி முறைத்துக்கொள்ளும். முறைத்தது. இந்த அரை என்ன என்று ஒரு ஃபோன் போட்டிருக்கலாம். அக்காவின் நம்பர் என்னிடம் இருந்தது. போடவில்லை. தோட்டத்துப் பெண் ஒருவரிடம் கேட்டுத்தான் எனக்கு எண் விளங்க வேண்டுமா என்ற திமிர், வேறென்ன. சரியாகத் தெரியாத இடத்தில் அரை போட்டிருப்பார் என்று நானே முடிவு கட்டினேன். சந்தேகமானதைத் தூக்கிவிடுவதுதான் சுத்தமான வேலை என்று எனக்குப் படிப்பித்திருந்தார்கள். 'ஐயத்துக்குரிய பதிவுகள் நீக்கப்பட்டன' என்று ஒரு வரி எழுதினேன். எவ்வளவு கம்பீரமான வரி! குருவி எண்ணிக்கையில் காட்டு மலைக்கும் தேயிலைக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை என்று விடை வந்தது. மேடம் வெளிநாட்டில் இருந்தார். மின்னஞ்சலில் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுச் சரி என்றார். அறிக்கை தோட்டத்துக்குப் போனது.

இரண்டு வாரம் கழித்து, அக்காவிடம் கொடுத்திருந்த தொலைநோக்கியை வாங்கி வரப் போனேன். பசறையில் பஸ் மாறி, தோட்டத்துக்குத் திரும்பும் முடக்கில் இறங்கியதுமே மரம் அறுக்கும் மெஷின் சத்தம் கேட்டது. எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அக்கா பீலியடியில் துணி அலசிக்கொண்டிருந்தார். வழக்கமாக என்னைக் கண்டால் தேத்தண்ணி ஊத்தட்டுமா என்று கேட்பவர் அன்று நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"என்னா தம்பி, காட்டுல குருவி இல்லேன்னு எழுதிப்புட்டீங்களாமே?"

"இல்லேன்னு எழுதல அக்கா. தேயிலைக்கும் அதுக்கும் வித்தியாசம் இல்லேன்னுதான்..."

"ரெண்டும் ஒண்ணுதான். மேல மெஷின் சத்தம் கேக்குதுல்ல? நேத்து காலையில ஏறுனாங்க. மேல் பக்கத்துல இருந்து வெட்டிக்கிட்டு வாறாங்க. இன்னும் கொஞ்ச நாளு, அப்பறம் நாங்க கொடத்தத் தூக்கிக்கிட்டு ஆத்துக்கு எறங்க வேண்டியதுதான்." துணியைக் கல்லில் ஓங்கி அடித்தார். "குருவி இல்லியாம்! ஒங்க காது என்னா செவுடா?"

மெஷின் கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில், அவர் சொன்னதற்குச் சாட்சி சொல்வதுபோல மேலே ஒரு குக்குறுவான் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. எனக்கும் கோபம் வந்தது. நான் என் பாட்டுக்குக் கதை எழுதவில்லை, நீங்கள் எழுதியதைத்தான் கூட்டிப் பார்த்தேன் என்றேன்.

"அப்ப காட்டுங்க."

துவைக்கிற கல்லின் காய்ந்த பக்கத்தில் மடிக்கணினியை வைத்துத் திறந்தேன். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"மொத நாளு, மொத எடம். எனக்கு மறக்குமா? குக்குறுவான் ஒண்ணு நிக்காம கத்துச்சு. செண்பகம் ஒண்ணு. காட்டுக்கோழி ஒண்ணு. இங்க என்னா, ஒத்தக் கொண்டக்குருவிதான் நிக்கிது?"

"மத்ததெல்லாம் அரைன்னு போட்டிருந்தீங்க. எடுத்துட்டேன்."

"எடுத்துட்டேன்னா?"

"சந்தேகமா எழுதுனதுன்னு நீக்கிட்டேன் அக்கா."

"சந்தேகமா? யாருக்குச் சந்தேகம்? எனக்கு ஒரு சந்தேகமும் இல்லியே!" என்றார். "கண்ணுல பட்டா முழுப் பேரு. சத்தம் மட்டும் கேட்டா அரைப் பேரு. வேற எப்புடிப் போடுறது?"

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் போனால் ஒரு 'பேர்' விழும், அன்றைய முழுச் சம்பளம். நாள் முழுக்க மலையில் நின்றும் சொன்ன அளவுக்குக் கொழுந்து எடுக்காவிட்டால் அரைப் பேர்தான். கடைக்கு வரும் தோட்டத்து ஆட்கள் "இந்தக் கிழமை ரெண்டு அரைப் பேரு விழுந்திருச்சுங்க" என்று அப்பாவிடம் சொல்வதைச் சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். கேட்டு என்ன பிரயோசனம்? அக்காவின் கொப்பியில் அதையே கண்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"ஆனா அந்தக் குருவி அங்க இருக்குல்ல அக்கா? இருக்குற குருவிக்கு எப்படி அரை?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நல்லா கேட்டீங்க. கொழுந்து கொறஞ்ச அன்னிக்கு எங்களுக்கு அரைப் பேரு போடுறாங்க. அன்னிக்கு நாங்க மலையில இல்லாமலா இருந்தோம்?" மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவுங்களாச்சும் அரை போட்டாங்க. நீங்க மொத்தமா கோடு போட்டு அடிச்சுப்புட்டீங்க."

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. மன்னிச்சிருங்க அக்கா என்றேன். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய என்று கேட்டார். நேரே தோட்டத்து ஆபீசுக்கு ஏறினேன். பெரிய துரை கொழும்பில், வெள்ளிக்கிழமைதான் வருவார் என்றார்கள். என் அறிக்கையில் பிழை இருக்கிறது, மெஷினை நிறுத்துங்கள் என்றேன். எழுத்தில் ஏதாவது இருந்தால் கொடுங்கள் என்றார்கள். நியாயம்தானே. முதலில் எழுத்தில் கொடுத்தவனும் நான்தான். அன்று செவ்வாய்க்கிழமை. இடையில் இரண்டே நாள்.

கடைக்குப் பின்னால் சாக்கு அடுக்கும் அறையில் உட்கார்ந்து, நீக்கிய அரைகளை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்தேன். சேர்த்து முடித்து இரண்டு பக்கத்தையும் பார்த்தபோது தூக்கிவாரிப் போட்டது. தேயிலைப் பக்கம் அரை என்பது அங்கொன்று இங்கொன்று. காட்டு மலைப் பக்கம் பக்கத்துக்குப் பக்கம் அரை. ஆமாம், அப்படித்தானே இருக்கும்? தேயிலை இடுப்புயரம், அதில் ஒரு மைனா எங்கே போய் ஒளியும்? காட்டில் கைக்கெட்டும் தூரத்துக் குருவியும் கண்ணுக்குத் தெரியாது. நான் நீக்கியது சந்தேகமானவற்றை அல்ல, காட்டில் மறைந்து வாழ்பவற்றை. எந்த இடத்தைப் பற்றிக் கேட்டார்களோ அந்த இடத்தின் குருவிகளை மட்டும் பொறுக்கிப் பொறுக்கி வெளியே போட்டிருக்கிறேன்.

அரையை எல்லாம் ஒன்றாக்கினால் என்ன? செய்து பார்த்தேன். ஒரே ஒரு வரி மாற்றம், வித்தியாசம் எகிறிக் குதித்தது. இதை அப்படியே துரையின் மேசையில் வைக்கலாம், மெஷின் நிற்கும், பீலியில் தண்ணீர் ஓடும். கை துறுதுறுத்தது. ஆனால் குக்குறுவானின் சத்தம் அடுத்த பள்ளம் வரை கேட்கும். ஒரே குருவியை இரண்டு இடத்தில் கேட்டிருந்தால் அது இரண்டாகிவிடும். மலைக்கு வெளியே நின்று கத்தியதும் உள்ளே வந்துவிடும். முதல் தடவை எனக்கு வசதியானதைச் செய்தேன். இரண்டாம் தடவை அக்காவுக்கு வசதியானதைச் செய்தால் அதுவும் அதே களவுதான். அந்த அறையில் ஒரு மணித்தியாலம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எந்தச் சோதனை என்ற கேள்வியை விட்டுவிட்டு, இந்த எண்கள் எப்படிக் கொப்பிக்கு வந்தன என்று அன்றைக்குத்தான் முதல்முதலாக யோசித்தேன்.

எத்தனை குருவி என்று கேட்பதை நிறுத்தினேன். இந்த வகைக் குருவி எத்தனை இடத்தில் வாழ்கிறது என்று கேட்டேன். அதற்கு ஒரு முறை இருக்கிறது. லயத்தில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறோம், குரல் இல்லை. வீட்டில் ஆளே இல்லை என்று எழுதிவிட முடியுமா? நாலு நாள் போய்த் தட்டினால் ஒரு நாளாவது யாராவது இருமுவார்கள். எத்தனை தடவை தட்டினால் எத்தனை தடவை குரல் வருகிறது என்பதை வைத்து, குரலே வராத வீடுகளிலும் எத்தனையில் ஆள் இருக்கக்கூடும் என்று கணிக்கலாம். அக்கா அதே இடங்களுக்குத் திரும்பத் திரும்பப் போயிருந்தார். பார்த்தது வேறு, கேட்டது வேறு என்று பிரித்தும் வைத்திருந்தார். இப்படிப் பிரித்து எழுதச் சொல்லி நாங்கள் ஒருவருக்கும் சொல்லவில்லை. மலைக்கு வெளியிலிருந்து கேட்டிருக்கக்கூடிய ஓர இடங்களை விடுவது, எந்தெந்தக் குருவிகளை எடுப்பது, எல்லாவற்றையும் விடை பார்ப்பதற்கு முன்பே எழுதி மேடத்துக்கு அனுப்பினேன். மேடம் உடனே கூப்பிட்டார். "முதல் தடவை நானும் ஒழுங்கா பார்க்கல. இதைச் செய்ங்க, என்ன வந்தாலும் அதுதான்" என்றார்.

வியாழக்கிழமை மத்தியானம் விடை வந்தது. காட்டுப் பறவைகள் காட்டு மலையில் தேயிலையைவிடத் தெளிவாக அதிக இடங்களில் வாழ்கின்றன. எகிறிக் குதிக்கும் வித்தியாசம் இல்லை. எவ்வளவு அதிகம் என்பதில் கீழெல்லைக்கும் மேலெல்லைக்கும் இடையில் நிறைய இடைவெளி இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதினேன். 'முந்திய அறிக்கையின் பிழை பகுப்பாய்வாளருடையது' என்ற வரியை முதல் பக்கத்தில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் பெரிய துரை இரண்டு அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டு வாரத்துக்கு முன்னால ஒண்ணு சொன்னீங்க. இப்ப வேற ஒண்ணு சொல்றீங்க. எதை நம்புறது?"

"முதலாவது பிழை ஐயா. நான் கேட்காமலே அரைன்னு இருந்த பதிவையெல்லாம் நீக்கிட்டேன்."

"எழுதின பொம்பளையோட லயம் எங்க இருக்குன்னு தெரியுமா? காட்டுக்குக் கீழ. காடு போனா அவளுக்குத்தான் தண்ணி போகும். குருவி இருக்குன்னு எழுதாம அவ வேற என்ன எழுதுவா?"

இந்தக் கேள்விக்கு நான் தயாராக வரவில்லை. பையில் அக்காவின் கொப்பி இருந்தது. கையில் கிடைத்த பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்தேன். அரை, அரை, ஒன்று, அரை.

"காலையில தனியாத்தான் போனாங்க ஐயா. பார்க்க ஒருத்தரும் இல்ல. தண்ணி போயிரும்னு அவங்களுக்கு நம்ம எல்லாரையும்விட நல்லாத் தெரியும். பொய் எழுதணும்னா முழுசா எழுதியிருக்க மாட்டாங்களா? எதுக்கு அரை போடணும்?"

துரை கொப்பியைத் தன் பக்கம் இழுத்தார். பக்கங்களைப் புரட்டினார். ஒரு கொப்பி முடிந்து அடுத்ததையும் கேட்டு வாங்கிப் புரட்டினார். பிறகு ஃபோனை எடுத்து மெஷினை இறக்கச் சொன்னார். அடுத்த வருடமும் ஒரு முறை கணக்கெடுக்க வேண்டும், அதுவரை காட்டு மலையில் கை வைப்பதில்லை என்றார். மேல் பக்கத்தில் வெட்டி முடித்த துண்டில் யூகலிப்டஸ் வைக்கத்தான் போகிறேன் என்றும் சொன்னார். அந்தத் துண்டு போனது என்னால். அதை எந்தக் கணித மாதிரியாலும் திரும்ப முளைக்க வைக்க முடியாது.

பீலியடிக்கு இறங்கினேன். அக்கா வேலைக்குப் போகும் வழியில் கேனில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றார். சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் மேலே தெரிந்த மொட்டைத் துண்டை அண்ணாந்து பார்த்துவிட்டு, "அது போனது போனதுதான், என்னா?" என்றார். ஆமாம் அக்கா என்றேன்.

"எல்லாத்தையும் முழுசாவே எழுதியிருந்தா இவ்வளவு பாடு இல்லையே அக்கா. அந்தத் துண்டும் தப்பிச்சிருக்கும். ஒரு நாளாவது எழுதத் தோணலியா?"

"தோணாம இருக்குமா? மூணாவது வாரமே தோணுச்சு. முழுசா எழுதலாம்னு பேனாவையும் வச்சேன்." கேன் நிறைந்ததும் மூடியைத் திருகினார். "நாள் பூரா நின்னு எடுத்த கொழுந்த, கொறச்சு எழுதிப்புட்டாங்கன்னு கணக்கப்பிள்ளையோட சண்ட போடுற ஆளு நானு. நானே கூட்டி எழுதுனா, அப்பறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சண்ட போடுறது?"

கேனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு இரண்டு படி ஏறியவர் நின்று திரும்பினார்.

"அடுத்த வருசமும் கேட்டதுக்கு அரைதான் போடுவேன். நீங்க அத அடிக்காம இருங்க."

அடிக்க மாட்டேன் அக்கா என்றேன்.